பாதி கட்டிய விமானத்தை ரோட்டில் இழுத்துப் போனவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

டல்லாஸ்காரன்:

ஆறு மாதமாக உறுத்துகிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். துல்சாவில் ஒரு பெரியவரிடம் பாதி முடிந்த ஆர்வி-7 கிட் வாங்கினேன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் சின்ன விமானம். வால் முடிந்தது, இரண்டு இறக்கையும் முடிந்தது, பியூஸ்லாஜ், அதாவது உடற்பகுதி, மட்டும் தோணி மாதிரி மேலே திறந்து கிடந்தது. 78 வயது அவருக்கு, இனி ஓட்டப் போவதில்லை என்று விற்றுவிட்டார். பியூஸ்லாஜை முதல் நடையிலேயே கொண்டுவந்துவிட்டேன், அதில் ஒரு வம்பும் இல்லை. இறக்கைகள்தான்.

இறக்கையை எப்படி ஏற்றுவது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முன்விளிம்பு கீழே, மரத்தொட்டில், அதில் கார்பெட். பெரியவர் தொட்டிலோடுதான் கொடுத்தார். கார்பெட் நைந்துபோயிருக்கிறது, இன்னொரு அடுக்கு போடு என்று கராஜிலிருந்து ஒரு சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "இருக்கட்டும் சார், இதுவே போதும்" என்றேன். இருட்டுவதற்குள் டெக்சாஸ் எல்லையான ரெட் ரிவரைத் தாண்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு. சுமையைக் கட்டும் ராட்செட் பட்டையை இறுக்கும்போது, நடுவில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டு என்றார். தட்டையாக இருந்தால்தானே பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மெக்அலெஸ்டர் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். தம்புரா மாதிரி ம்ம்ம்ம் என்று. 60 மைல் வேகத்தில் ஆரம்பிக்கும், 50-க்கு இறங்கினால் நின்றுவிடும். பட்டை காற்றில் அதிர்கிறது என்று புரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். டூரண்ட்டில் பெட்ரோல் போட நிறுத்திப் பார்த்தால், பட்டை கொடிக்கயிறு மாதிரி தொங்குகிறது. கார்பெட் ஒரு பக்கம் நழுவி, இடது இறக்கை வெறும் மரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முன்விளிம்பில் ஒரு நசுங்கல். குவார்ட்டர் காசு அளவுதான். விரலை வைத்தால் சரியாக உள்ளே உட்காரும்.

வீட்டுக்கு வந்து அவருடைய பில்டர் லாகைப் புரட்டினேன். மூன்று நோட்டு. என்றைக்கு எந்த ரிப் (இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி நிற்கும் தகடு), எத்தனை ரிவெட், எத்தனை மணி நேரம் எல்லாம் பென்சிலில் இருக்கிறது. அந்த முன்விளிம்புத் தகட்டை அடித்த ராத்திரி, உள்ளே கை விட்டு, ரிவெட்டுக்கு முட்டுக் கொடுக்கும் பக்கிங் பாரைப் பிடித்தது அவர் மனைவி. அவர் கை சின்னது என்பதால் உள்ளே போயிற்றாம். அதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா இப்போது இல்லை.

மறுநாள் மெசேஜ் வந்தது, பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று. "ஒரு கீறல்கூட இல்லை" என்று பதில் போட்டேன். மாதம் ஒரு தடவை படம் கேட்பார். வலது இறக்கையை மட்டும் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மெல்பர்ன்வாசி:

தம்பி, பட்டைக்கு முறுக்கு விடுவது கிழவர் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தட்டைப் பட்டைதான் காற்றில் படபடக்கும், படபடத்தால் ராட்செட் இளகும். சரி, என் கதை சின்னது.

ஜபிரு என்ற சின்ன விமானம். வீட்டு கராஜில் இருந்து டையாப் ஓடுதளத்துக்கு, ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பாதி வழியில் பொலிஸ் மறித்தது. வால் வெளியே நீட்டிக்கொண்டு டிரெய்லரின் பின் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிட்டது என்றார் அதிகாரி. அபராதம் எழுதப் போகிறார் என்று நான் லைசென்ஸைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பின்னால் போய் ஒற்றை விரலால் ரட்டரை, வாலில் திரும்பும் அந்தப் பலகையை, தள்ளினார். அது கதவு மாதிரி ஆடியது. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. பிறகு என்னைப் பார்த்து, "இது இப்படி ஆடத்தான் வேணுமா?" என்று கேட்டார். நான் பூட்டுப் போட மறந்திருந்தேன். அவ்வளவு தூரமும் காற்றில் அடிபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் ஒற்றை விரலில் கண்டுபிடித்துவிட்டார். கீல் போல்ட் எல்லாவற்றையும் கழற்றி மாற்றினேன். இன்றைக்கும் பறக்க முன் ரட்டரை அதே மாதிரி ஒற்றை விரலால் தள்ளிப் பார்க்கிறேன்.

இனி இழுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேளுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். மழை வந்தால் நனையட்டும், அலுமினியம் கரைந்து போகாது. தார்ப்பாய் படபடத்து, இடையில் புகுந்த மணலை வைத்துத் தேய்த்து, பெயின்ட்டையும் கனோப்பிக் கண்ணாடியையும் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆக்கிவிடும். சுமையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும், அதுக்கும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். முதல் பத்து கிலோமீற்றரில் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் கம்பளி எல்லாம் அப்போதுதான் அமுங்கும். இங்கே பின்னால் 1.2 மீற்றருக்கு மேல் நீட்டினால் கொடி கட்ட வேண்டும். லைட் பலகையைத் தனியாக வாங்கி வால் நுனியில் கட்டுங்கள். இரவல் டிரெய்லர் என்றால் சக்கரத்துக்குள் கிறீஸ் இருக்கிறதா என்று கழற்றியே பாருங்கள், "போன கிழமைதான் பார்த்தனான்" என்று சொந்தக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். படகு டிரெய்லர் வேண்டவே வேண்டாம், அதன் ஸ்பிரிங் வில் ஒரு தொன் படகுக்குச் செய்தது, எங்களுடைய இருநூறு கிலோவுக்கு அது வளையவே வளையாது, குழியின் அடி முழுக்க நேராக விமானத்துக்குத்தான். ஸ்பெயார் டயர். ஞாயிறு விடியற்காலை. மனைவி பின்னால் இன்னொரு காரில்.

பழைய_ரிவெட்:

மெல்பர்ன் அண்ணா, தார்ப்பாய், வில், எல்லாம் சரி. மனைவி பின்னால் காரில் வேண்டாம். என்னுடையவர் பக்கத்து சீட்டில் இருந்ததால்தான் நான் பிழைத்தேன்.

ஐ-5 ஹைவே, கிரேப்வைன் மலை இறக்கம். கலிபோர்னியாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் மாட்டிய பியூஸ்லாஜ், 120 கிலோவுக்கு மேல் மூக்கில் தொங்குகிறது. ஏற்றுவதற்கு வசதி என்று வாலை முன்னால் விட்டு ஏற்றிவிட்டேன், மூக்கு டிரெய்லரின் கடைசியில். கொக்கியில் எடையே இல்லை. ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் கண்ணாடியில் பார்த்தால், விமானம் "மாட்டேன், மாட்டேன்" என்று தலையை ஆட்டுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. "மிதிக்காதே" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். 40 மைலுக்கு வந்ததும் அடங்கியது. டிரெய்லர் இழுத்தால் இங்கே 55-தான் வரம்பு. நான் எத்தனையில் போனேன் என்று எழுதப் போவதில்லை.

"மிதிக்கக் கூடாதென்று உனக்கு எப்படித் தெரியும்" என்று இதுவரை நான் கேட்கவில்லை. அவர் டிரெய்லரே இழுத்ததில்லை.

டல்லாஸ் தம்பிக்கு: நசுங்கல் ஒரு பொருட்டே இல்லை. ரிப் மேல் இல்லை, தகடு கிழியவில்லை என்றால் கொஞ்சம் ஃபில்லர், தேய்த்து பெயின்ட் அடித்தால் நீயே மறந்துவிடுவாய். ஆனால் அவர் பறப்பதைப் பார்க்க வருவார். வந்தால் நேராக எந்த இறக்கைக்குப் போவார் என்று நினைக்கிறாய்?

எசெக்ஸ்_மேகம்:

இதற்காகத்தான் யூரோப்பா விமானம் வாங்கினேன். டிரெய்லரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றே வடிவமைத்தது. இறக்கை இரண்டும் சில நிமிடத்தில் கழன்று வந்துவிடும். ஹேங்கர் வாடகையும் மிச்சம். எல்லோரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரியவில்லை.

பழைய_ரிவெட்:

முடித்த விமானத்தை இழுப்பது வேறு நண்பரே. தலைப்பு "பாதி கட்டிய" என்கிறது. உங்களுடையது கட்டி முடியும்வரை எப்படி நகர்த்தினீர்கள்?

எசெக்ஸ்_மேகம்:

நகர்த்தவில்லை. முடித்துவிட்ட ஒருவரிடம் வாங்கினேன்.

ஓசூர்_லோடு:

நீங்கள் எல்லோரும் ஹைவேயில் காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வேகத்தடை.

அம்பத்தூர் ஷெட்டில் இரண்டு சீட் மைக்ரோலைட், எடை குறைந்த சின்ன விமானம், இரும்புக் குழாய்க் கூடு மட்டும் வெல்டிங் முடிந்திருந்தது. துணி இன்னும் ஏறவில்லை. ஓசூருக்கு ஐஷர் லாரியில் ராத்திரி கிளம்பினோம். பின் கதவைப் படுக்கப் போட்டு, வால் வெளியே, நுனியில் சிவப்புத் துணி. வண்டியின் பின்சக்கரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வால் சாட்டை மாதிரி சொடுக்கும். இரண்டாவது தடையிலேயே கூட வந்த லோடுமேன் அண்ணன், "சார், நான் பின்னாடி போறேன்" என்று கேபினிலிருந்து இறங்கிப் போய்விட்டார். தடை வரும்போதெல்லாம் டிரைவர் ஹாரன் ஒரு தடவை அடிப்பார், இவர் குந்தி உட்கார்ந்து வாலைத் தோளில் தாங்குவார். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஓசூர் வரை.

ஒரு டோல்கேட்டில், "எந்தப் படத்துக்கு செட்டு?" என்று கேட்டார்கள். "பெரிய ஹீரோ படம், பேரு வெளியே சொல்லக் கூடாது" என்றார் அண்ணன். அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். ஆம்பூரில் டீ குடிக்க நிறுத்தியபோது ஆளைக் காணோம். தேடினால், சீட்டே இல்லாத குழாய்க் கூட்டுக்குள், பைலட் இடத்தில், சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இல்லாத ஸ்டிக்கைக் கையில் பிடித்திருந்தார். நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இறக்கி முடித்தபோது தோள்பட்டை சிவந்து வீங்கியிருந்தது. கூலிக்கு மேல் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. "பறக்கும்போது ஒரு போன் போடுங்க சார், வந்து பார்த்துட்டுப் போறேன்" என்றார். அனுமதி, பணம், அப்புறம் அப்பாவின் உடம்பு என்று இழுத்து, கூடு இன்னும் ஓசூர் ஷெட்டில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து வரும். கீழே "சார், ஆச்சா?" என்று இருக்கும்.

கட்டுமரம்:

ஓசூர் நண்பரே, விட்டுவிடாதீர்கள். மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டினாரே, கேப்டன் அமோல் யாதவ், அவரும் அதைக் கீழே இறக்கித்தான் 2016 மேக் இன் இந்தியா கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பதிவு எண் கிடைத்தது அடுத்த வருடம்தான். எனக்குச் சொந்தக் கதை இல்லை, கிட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

மெல்பர்ன்வாசி:

டல்லாஸ் தம்பி இன்னொன்று. அந்த மூன்று நோட்டையும் பத்திரப்படுத்துங்கள். அமெச்சூர்கள்தான் பெரும்பகுதியைக் கட்டினார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் காட்ட அதுதான் சாட்சி. நீங்கள் பாதியில் வாங்கியவர், முதல் பாதிக்கு உங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. படங்களையும் கேட்டு வாங்குங்கள். நசுங்கலையும் அதே நோட்டில் எழுதுங்கள், தேதி போட்டு.

டல்லாஸ்காரன்:

எழுதினேன், மெல்பர்ன் அண்ணா. அவர் பென்சில் எழுத்துக்குக் கீழே என் பேனா. டூரண்ட், பட்டைக்கு முறுக்கு விடவில்லை, கார்பெட் ஓர் அடுக்கு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நேற்று ராத்திரி அவருக்கு அனுப்பினேன், கூடவே இடது இறக்கை.

மூன்று மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரே வரி, எந்த ரிப்புக்கும் எந்த ரிப்புக்கும் நடுவில் என்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹேங்கருக்குக் கிளம்புகிறேன், எண்ணிப் பார்க்க வேண்டும்.