ராஜ்தூத் பாபி வண்டிக்குப் பாகங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் பல வருடம் கிடந்த ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 பைக் போன மாதம் என் கைக்கு வந்தது. 1973-இல் 'பாபி' இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டிய அதே மாடல் குட்டி வண்டி. அந்தப் படத்துக்குப் பிறகு இதன் பெயரே பாபி ஆகிவிட்டது.

எஞ்சின் பற்றிக் கவலை இல்லை. பெரிய ராஜ்தூத் 175-இல் வரும் அதே டூ ஸ்ட்ரோக், மூன்று கியர்தான். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. டீசல் ஊற்றி நான்கு நாள் ஊறவிட்டதும் கிக்கர் இறங்கியது. சிலிண்டரில் கீறல் இருப்பதால் போரிங் போட்டு (உட்புறத்தைச் சற்றுக் குடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டப்போகிறேன். ஆயில் சீல், பிளாட்டினம் பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்துவிட்டன.

பாபிக்கே உரிய பாகங்களுக்குத்தான் அலைகிறேன். டேங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டை. சீட்டும் முன் மட்கார்டும் இல்லவே இல்லை. சக்கரம் சிறியது என்பதால் பெரிய ராஜ்தூத்தின் மட்கார்டு பொருந்தாது. வேறு வண்டி டேங்கை வெட்டி மாட்டித் தருவதாக ஒரு மெக்கானிக் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த உருவத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்!

பழைய டேங்க், சீட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். டெல்லி கரோல் பாக்கிலிருந்து வரவழைத்தவர்கள் உண்டா? முழு வண்டி வைத்திருப்பவர்கள் முன் மட்கார்டின் நீளம், அகலம், தாங்கு கம்பியின் அளவு எடுத்து, பக்கவாட்டில் ஒரு படமும் போட்டால் தகட்டில் அடித்து வாங்கிவிடுவேன். டேங்க் ஓட்டையைப் பித்தளை வைத்துப் பக்குவமாக அடைக்கத் தெரிந்தவர் மதுரைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.