சவுண்ட் கார்டு செத்துவிட்டது என்று சொல்லும் முன் எஃப்6 அழுத்தினீர்களா?

தக்கலை பழுதுபார்ப்பவன்:
கருங்கல் டீச்சருக்கு நேற்று இங்கே ஒருவர் சொன்ன யோசனையைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. டியூஷன் கணினியில் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளம் போட்டபின் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகிய ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்றார் டீச்சர். "கடற்காற்றில் சவுண்ட் கார்டு போய்விட்டது, யூஎஸ்பி கார்டு வாங்குங்கள்" என்று பதில். நாடி பிடிக்காமலே பாடை கட்டுகிறார்கள்.

கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் அல்சாமிக்சர் (alsamixer) என்று அடியுங்கள்; ஒலி அளவுகளைக் காட்டும் திரை வரும். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். வலது கோடிவரை போனால் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒன்று நிற்கும். அது எனேபிள்டு என்றிருந்தால், முன்பக்கத் துளையில் ஹெட்போன் இருப்பதாகச் சிப்புக்குத் தோன்றியவுடன் பின்பக்க ஸ்பீக்கரின் வாயை அடைத்துவிடும். டிஸேபிள்டு ஆக்குங்கள். செலவு ஒரு பைசா இல்லை.

குளச்சல் கரையோரம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லத் துணிவில்லையா அண்ணாச்சி? டீச்சர் அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். மாஸ்டர் நூறில் நிற்கிறது, அடியில் 00. மியூட் ஆனதைக் காட்டும் எம்எம் இல்லை. ஆட்டோ-மியூட் என்று ஒன்றும் இல்லவே இல்லை. இல்லாததை எப்படி அணைப்பது?

தக்கலை பழுதுபார்ப்பவன்:
எஃப்6 அழுத்தினாரா? படத்தின் மேல்வரியைப் படியுங்கள்: "கார்டு: பைப்வயர்". அது ஒலியைக் கையாளும் மென்பொருளின் முகப்பு. அங்கே மாஸ்டரும் கேப்சரும்தான் தெரியும். எஃப்6 அழுத்தி எச்டிஏ இன்டெல் பிசிஎச் என்ற உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் ஹெட்போன், லைன் அவுட், ஆட்டோ-மியூட் எல்லாம் வரும். வாசலில் நின்று பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்கிறீர்கள்.

நாகர்கோவில் வாசகி:
சவுண்ட் கார்டு என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? போர்டிலேயே இருக்கும் சிப்பா, தனியாகச் செருகும் கார்டா? அது தெரியாமல் எதற்குச் சண்டை?

வேளிமலைத் தம்பி:
இருவருமே பழைய காலத்தில் இருக்கிறீர்கள். மின்ட் 22-இல் பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலி மென்பொருள் போய் பைப்வயர் வந்துவிட்டது. பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தைப் பாருங்கள். சத்தம் எந்த வழியில் போகும் என்பதைச் சொல்லும் புரொஃபைல் எச்டிஎம்ஐ-யில் நின்றால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கும். அனலாக் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் முடிந்தது.

தக்கலை பழுதுபார்ப்பவன்:
தம்பி, 2008-இல் உபுண்டு 8.04 பல்ஸ்ஆடியோவைக் கொண்டுவந்தபோதும் "இனி அல்சா தேவையில்லை" என்றுதான் உங்களைப் போன்றவர்கள் சொன்னார்கள். 2003 டிசம்பரில் லினக்ஸின் உட்கருவான 2.6 கெர்னலோடு வந்த, கார்டை நேரடியாக இயக்கும் அல்சா இன்றும் அடியில் இருக்கிறது. பைப்வயரும் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அடியில் வாய் அடைத்திருந்தால் மேலே எந்தப் புரொஃபைலை மாற்றி என்ன பயன்? எஃப்6.

வேளிமலைத் தம்பி:
நான் உங்களைப் போன்றவன் இல்லை. 2008-இல் நான் ஒன்றாம் வகுப்பு.

குளச்சல் கரையோரம்:
சரி, உங்கள் ஆட்டோ-மியூட்டையே எடுத்துக்கொள்வோம். யாரும் ஹெட்போன் செருகவில்லை. பிறகு செருகியிருப்பதாகச் சிப் ஏன் நினைக்க வேண்டும்? துளைக்குள் இருக்கும் தொடுதகட்டில் உப்பு ஏறியதால்தான்! துறைமுகத்தில் விசைப்படகு வயர்லெஸ் செட்டுகளைத் திறந்து பார்ப்பவன் நான். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துளைக்குள் சுழற்றினால், பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஒட்டிக்கொண்டு வரும். நான் நேற்றுச் சொன்னதும் கடற்காற்று, இன்று சொல்வதும் கடற்காற்று.

தக்கலை பழுதுபார்ப்பவன்:
நேற்று நீங்கள் சொன்னது "கார்டு போய்விட்டது". இன்று துளையில் களிம்பு. துளை வேறு, கார்டு வேறு. ஆட்டோ-மியூட்தான் காரணம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

குளச்சல் கரையோரம்:
நான் எழுதியது உப்புதான் காரணம் என்று. வாசித்துவிட்டுப் பேசுங்கள். மலையடிவாரத்தில் கடை வைத்திருப்பவருக்குக் கரையோர உப்பு தெரியாது. 1741-இல் டச்சுக்காரனையே தோற்கடித்த மண் இது, எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

தக்கலை பழுதுபார்ப்பவன்:
தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னன் மார்த்தாண்ட வர்மாவின் தலைநகர் பத்மநாபபுரம். எங்கள் கடையிலிருந்து நடந்தே போகலாம். வரலாற்றையும் எஃப்6 அழுத்தாமல்தான் படிப்பீர்கள் போலிருக்கிறது.

நாகர்கோவில் வாசகி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "மியூட்" என்பதை "வாயடைப்பு" என்று எழுதுவதும் சரியில்லை. "ஒலியடக்கம்" என்ற நல்ல சொல் இருக்கிறது.

வேளிமலைத் தம்பி:
மெனுவில் "மியூட்" என்றுதான் இருக்கிறது. "ஒலியடக்கம்" என்று தேடினால் டீச்சருக்கு என்ன கிடைக்கும்?

கருங்கல் டீச்சர்:
எஃப்6 அழுத்தினேன். எச்டிஏ இன்டெல் வந்தது. ஆட்டோ-மியூட் எனேபிள்டு என்றுதான் இருந்தது. மாற்றியதும் சத்தம் வந்தது. ஆனால் கணினியை அணைத்துப் போட்டவுடன் மறுபடியும் போய்விட்டது.

தக்கலை பழுதுபார்ப்பவன்:
பார்த்தீர்களா! டீச்சர், மறுபடியும் டிஸேபிள்டு ஆக்கிவிட்டு டெர்மினலில் "சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்" (sudo alsactl store) என்று அடியுங்கள். அமைப்பு சேமிக்கப்பட்டுவிடும். கரையோரக்காரர் இப்போது என்ன சொல்வார்?

குளச்சல் கரையோரம்:
உப்பு இன்னும் துளைக்குள்தான் இருக்கிறது என்று சொல்வேன். இன்று வாயை அடைக்கிறது, ஆடிக் காற்று முடிவதற்குள் கார்டையே தின்னும். போன வருடம் என் பவர் சப்ளையைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, தூசி" என்று சொன்னவரும் இந்த அண்ணாச்சிதான். மூன்றாம் நாள் புகைந்தது.

தக்கலை பழுதுபார்ப்பவன்:
அந்தப் பவர் சப்ளையை எங்கே வாங்கினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

வேளிமலைத் தம்பி:
டீச்சர், அந்த ஸ்டோர் எல்லாம் இருக்கட்டும். புரொஃபைல் எதில் நிற்கிறது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.