மல்லாவி, துணுக்காய் பக்கத்து அக்காமாரிடம் ஓர் உதவி

எங்கட மாதர் சங்கத்தில் 35 வயதைத் தாண்டிய அக்காமார் கனபேர். சுகவனிதையர் கிளினிக்கில் பாப் சோதனை இலவசம்தான். போகச் சொன்னால், “எனக்கொரு வருத்தமும் இல்லையே, பிறகேன்?” என்கிறார்கள். வருத்தம் தெரிவதற்கு முன்பே கருப்பைக் கழுத்தில் வரும், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றத்தைப் பிடிக்கத்தானே அந்தச் சோதனை! குடும்பநல உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்த துண்டை பேர்சுக்குள் மடித்து வைத்தபடி ஒருவர் மாதக்கணக்கில் திரிகிறார். வெட்கம்தான் காரணம், வயல் வேலை சும்மா சாட்டு.

பெண்பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, 2017 முதல் ஆறாம் வகுப்பில் அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள்.

சோதனை செய்துகொண்ட அக்கா யாராவது எங்கட அடுத்த கூட்டத்துக்கு வந்து, அது சில நிமிட வேலைதான் என்று சொல்வீர்களா? டொக்டர் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கிளினிக் நாளில் வான் ஒழுங்குபடுத்தித் தரக்கூடியவர்களும் உள்பெட்டியில் எழுதுங்கள்.