எல்எஸ்டி: பக்கப் பற்சக்கரங்களில் எது இடம், எது வலம்?

நட்டுபோல்ட்:
ஹெலிகல் (சாய்ந்த பல்) வகை எல்எஸ்டியைப் பிரித்தேன். அதாவது, இன்ஜின் விசையை இடவலச் சக்கரங்களுக்குப் பகிர்ந்து, ஒன்று மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். குறி போடும் முன்பே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கொட்டிய புத்திசாலி நான். இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று என உள்ள இரண்டு பக்கப் பற்சக்கரங்களும் ஒரே அளவு, ஒரே பல் எண்ணிக்கை. மாற்றிப் பூட்டினாலும் சீராகவே சுழல்கின்றன. எது சரி?

கிரீஸ்கை:
சுழல்வதை நம்பாதீர்கள். பற்சக்கரத்தை அச்சு செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். பல் மேலேறும்போது வலப்புறம் சாய்ந்தால் வலக்கைச் சாய்வு. இன்னொன்று இடக்கையாக இருக்கும். பக்கப் பற்சக்கரங்களை மட்டும் இடவலம் மாற்றினால், அவற்றைச் சுழற்றும் சிறு பற்சக்கரங்களான பினியன்களோடு கோக்காது. பினியன்களையும் சேர்த்து மாற்றினால்தான் வம்பு: அழகாகக் கோத்துக்கொண்டு ஏமாற்றும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும் பக்கவாட்டு உந்துதல் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். உள்ளே அழுந்த வேண்டியது வெளியே அழுந்தும், அல்லது நேர்மாறாக. அழுத்தம் வேறு வாஷருக்குப் போவதால், சக்கரம் வழுக்காமல் எல்எஸ்டி பூட்டும் திறனும் மாறும்.

பழையஸ்பானர்:
தேய்மானமே சாட்சி சொல்லும். வண்டி பெரும்பாலும் முன்னோக்கித்தான் ஓடியிருக்கும். பல்லின் ஒரு முகம் மட்டும் கூடுதலாக மினுங்கும். பக்கப் பற்சக்கரத்தைப் பினியன் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே முன்னோக்கிய சுழற்சியில் அந்த மினுங்கும் முகம் பின்புறம் வர வேண்டும். புதுப் பற்சக்கரம் என்றால் இது உதவாது, கையேடுதான் கதி.

நட்டுபோல்ட்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். மினுங்கும் முகம் இரண்டிலும் முன்புறம். மொத்தமும் இடவலம் மாறியிருக்கிறது. நேற்று டார்க் ரெஞ்ச் வைத்து ஆசையாக முறுக்கிய போல்ட்டுகளை இப்போது மறுபடி கழற்றிக்கொண்டிருக்கிறேன். இம்முறை கையில் பெயிண்ட் பேனா இருக்கிறது.