கோபர் கேஸ்: கட்டிய பிறகு யார் வந்து பார்த்தார்கள்?

காரிமங்கலத்தான்:
கோபர் கேஸ் என்றால் சாணியிலிருந்து அடுப்புக்கு வரும் எரிவாயு. எங்கள் வீட்டில் அதற்காகக் கட்டியிருக்கும் கலன் 2 கனமீட்டர் தீனபந்து மாடல், அதாவது மண்ணுக்குள் குவிமாடம் மாதிரிக் கட்டுவது. அரசு மானியம் போக மீதிப் பணம் எங்களுடையது, கட்டியது ஒரு தனியார் ஒப்பந்தக்காரர். வேலை சுத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை நிரப்ப எங்கள் சாணி பத்தாமல் அக்கம்பக்கத்துச் சாணிக் குவியலையெல்லாம் காலி செய்தோம், அப்புறம் தினமும் ஏறக்குறைய 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். நாலைந்து மாடு இருந்தால் இது ஒரு வேலையே இல்லை.

மழைக்காலத்தில் அடுப்புத் தீ துள்ளித் துள்ளி எரிய ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது, வடித்துவிட்டால் சரியாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல ஒப்பந்தக்காரர் ஃபோனை எடுக்க வேண்டுமே! நாங்கள் கட்டியபோது மத்திய அரசுத் திட்டத்தில் கட்டுகிறவருக்குத் தனியாக ஒரு கட்டணம் உண்டு, அதற்குப் பதிலாக 5 வருடம் இலவசமாகப் பராமரிக்க வேண்டும் என்று விதியே இருந்தது. பணம் கைக்கு வந்த பிறகு யார் வருவார்? கடைசியில் பக்கத்து ஊர் கொத்தனார்தான் வடித்துக் காட்டினார். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் அப்படியே விட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு, அவர்கள் வீட்டில் மறுபடி விறகடுப்பு.

ஊர்சுற்றி:
அண்ணே, வேலை விஷயமாக நேபாளத்தில் சித்வான் பக்கம் இருந்திருக்கிறேன். அங்கே கோபர் கேஸ் திட்டம் 1992-ல் நெதர்லாந்தின் எஸ்.என்.வி. என்ற வளர்ச்சி உதவி அமைப்பின் துணையோடு தொடங்கியது. கடன் வங்கி தரும், மானியம் திட்டத்திலிருந்து வரும், கட்டுவது தனியார் கம்பெனி. முதலில் ஒரே கம்பெனி, பிறகு நிறைய வந்துவிட்டன. ஆனால் மானியம் வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே வடிவத்தைத்தான் கட்டியாக வேண்டும். அதன் பெயர் ஜி.ஜி.சி. 2047 (ஜி.ஜி.சி. என்பது அந்த முதல் கம்பெனியான கோபர் கேஸ் கம்பெனி, 2047 நேபாளத்து விக்ரம் ஆண்டு, நம் கணக்கில் 1990). திட்டத்தின் ஆட்கள் வந்து சில கலன்களை அளந்து பார்ப்பார்கள், குறை இருந்தால் கம்பெனிக்கு அபராதம். உத்தரவாதக் காலத்தில் கம்பெனி ஆள் வந்து பார்க்கவும் வேண்டும். மலைப்பகுதிக்கு மானியம் கூடுதல், சிமெண்ட் கொண்டுபோகும் செலவே அவ்வளவு ஆகும். ஆக, பொதுப்பணம் தனியார் கைக்குப் போவதில் தப்பில்லை, எப்போது போகிறது, கட்டியவுடனா, சரிபார்த்த பிறகா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செல்வி அக்கா:
தம்பி, நேபாளத்தில் கழிப்பறையையும் அதே கலனோடு சேர்த்திருக்கிறார்களாமே, எங்கள் வீட்டில் அதைச் சொன்னால் என் மாமியார் அந்த அடுப்பில் டீ கூடப் போட மாட்டார்!

எனக்குக் கேஸைவிட, கேஸ் போன பிறகு கலனிலிருந்து வெளியே வரும் சாணிக் கரைசல்தான் பெரிசு. தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் அதைத்தான் விடுகிறேன், யூரியா வாங்குவது குறைந்திருக்கிறது. குஜராத்தில் ஆனந்த் மாவட்டம் ஜகரியாபுராவில் என்.டி.டி.பி. (தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம்) முயற்சியால் பெண்கள் கூட்டுறவு ஒன்று இதையே விலைக்கு வாங்குகிறது. அதனால் கலன் நின்றுபோனால் கேட்க ஆள் இருக்கிறது.

இப்போது கார்பன் கிரெடிட் (புகை குறைத்ததற்குக் கிடைக்கும் சான்று, அதை விற்றுப் பணமாக்கலாம்) பணத்தை நம்பிப் பலூன் மாதிரிக் கலனைக் குறைந்த விலைக்குத் தரும் கம்பெனிகள் வருகின்றன. அடுப்பு எரிந்தால்தான் அவர்களுக்குக் கிரெடிட், அதனால் ஃபோனை எடுக்கிறார்கள். எங்களிடமும் வந்தார்கள். அந்தக் கிரெடிட் எத்தனை வருடத்துக்கு யார் பெயரில் என்று கேட்டேன், வந்த ஆள் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.