யூக்குலேலேயில் மாயாமாளவகௌளை: கார்டு பிடித்தால் சுருதி இடிக்கிறது, உதவி தேவை

ஒருகட்டை:
வணக்கம். இந்த வயதில் பாட்டு கற்க ஆரம்பித்திருக்கிறேன், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையில் இருக்கிறேன். சுருதி ஒரு கட்டை, அதாவது சி. யூக்குலேலே கொஞ்சம் பழக்கம் உண்டு, வழக்கமான ஜி சி இ ஏ ட்யூனிங்தான். எனக்குத் தெரிந்த சி, ஏ மைனர், எஃப், ஜி நாலு கார்டையும் (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே பாடிப் பார்க்கிறேன். சி வரும்போது நன்றாக இருக்கிறது. ஜி வாசித்தபடி 'ரி' பாடினாலும், எஃப் வாசித்தபடி 'த' பாடினாலும் காதைக் கிழிக்கிறது. ட்யூனர் எல்லாத் தந்தியும் சரி என்கிறது. கோளாறு வாத்தியத்திலா, என் குரலிலா?

நைலான்தந்தி:
இரண்டிலும் இல்லை சார், கார்டுகளில்தான். சி-யை ஸ-வாக வைத்தால் ராகத்தில் இருப்பது சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. உங்கள் ஜி கார்டில் (0232, அதாவது ஜி, சி, இ, ஏ தந்திகளில் வரிசையாக எத்தனையாவது ஃபிரெட் என்பது; 0 என்றால் திறந்த தந்தி) சி தந்தியின் 2-ஆம் ஃபிரெட் டி. அது சதுஸ்ருதி ரிஷபம், நீங்கள் பாடுவது சுத்த ரிஷபம். எஃப் கார்டில் (2010) ஜி தந்தியின் 2-ஆம் ஃபிரெட் ஏ, சதுஸ்ருதி தைவதம். ஏ மைனரில் (2000) அதே ஏ இரண்டு இடத்தில் ஒலிக்கிறது. ஆக நாலில் மூன்று ராகத்துக்கு வெளியே. ஏ தந்தியைத் திறந்து விட்டாலே அந்நிய ஸ்வரம்தான், எப்போதும் ஒரு விரல் அதன்மேல் இருக்கட்டும்.

இவற்றைப் பிடியுங்கள்: சி 0003, எஃப் மைனர் 1013, டி ஃபிளாட் 1114, இ மேஜர் 4442. இ மேஜரில் இருப்பது க, த, நி மூன்றும்.

ஒருகட்டை:
ரொம்ப நன்றி. எஃப் மைனர் அப்படியே ஒட்டிக்கொள்கிறது! ஆனால் ஜி இல்லாமல் சி-க்குத் திரும்பும்போது முடிந்த மாதிரியே இல்லை.

பதினைந்தாம்மேளம்:
அதற்கு டி ஃபிளாட் செவன்த் இருக்கிறது, 1112. ஜி செவன்த் நம்மை சி-க்கு இழுப்பது அதிலுள்ள எஃப், பி இரண்டின் சேர்க்கையால், அதாவது ம, நி. அந்த இரண்டும் இதிலும் உண்டு, மற்ற இரண்டும் ரி, த. நாலும் ராக ஸ்வரங்களே. ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் படுக்க வையுங்கள், நடுவிரல் ஏ தந்தியில் 2. அங்கிருந்து 0003-க்குப் போங்கள். த இறங்கி ப, ரி இறங்கி ஸ, ம இறங்கி க, நி ஏறி ஸ. நாலு தந்தியும் அரை ஸ்வரம்தான் நகர்கின்றன. இந்த ராகத்தின் அழகே அந்த நெருக்கமான இடங்களில்தான் இருக்கிறது, அத்தனையும் ஒரே அசைவில் கிடைக்கிறது. எனக்கு எத்தனை முறை வாசித்தாலும் அலுக்காத இடம்.

முதல் வரிசை ஏறும்போது ஆதி தாளத்தின் லகுவும் (முதல் நாலு எண்ணிக்கை) முதல் துருதமும் (அடுத்த இரண்டு) சி-யிலேயே இருங்கள். கடைசி துருதத்தில் நி-க்கு டி ஃபிளாட் செவன்த், ஸ-வுக்கு சி. இறங்கும்போது ம-வுக்கு எஃப் மைனர், ரி-க்கு மறுபடி டி ஃபிளாட் செவன்த்.

தம்புராப்பிரியை:
ஒரு வேண்டுகோள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் கார்டு மாற்றாதீர்கள். பிற்பாடு கமகம் வரும்போது குரல் அசைய இடம் வேண்டும், யூக்குலேலே அசையாது. தம்புரா செயலியை ஓடவிட்டு வாசிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: ஃபிரெட்டில் வரும் காந்தாரம், தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) தூக்கலாக இருக்கும். அந்த நேரங்களில் 0033 பிடியுங்கள், வெறும் ஸ, ப மட்டும். பாடுகிற காந்தாரம் சுத்தமாக நிற்கும். குரல் பழகும் வரை எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஒருகட்டை:
செவன்த் வாசித்துப் பார்த்தேன், சிலிர்த்துவிட்டது. இரண்டு சந்தேகம். 1112-இல் ரி கொஞ்சம் ஏறிக் கேட்கிறது. அடுத்து மலஹரி ராகத்தில் கீதம் தொடங்கப் போகிறார்கள், இதே கார்டுகள் சரிவருமா?

நைலான்தந்தி:
முதல் ஃபிரெட்டை அழுத்தித் தனித்தனியாக ட்யூனரில் பாருங்கள். திறந்த தந்தி சரியாக இருந்து, முதல் ஃபிரெட் மட்டும் ஏறிக் காட்டினால் நட் (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளமுள்ள பட்டை) உயரமாக இருக்கிறது. 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தால் முதல் ஃபிரெட்டின் மேல் காகித அளவு இடைவெளிதான் தெரிய வேண்டும். அதிகம் என்றால் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், பள்ளத்தைக் கொஞ்சம் அராவினால் போதும். நீங்களே அராவ வேண்டாம், கூடிப்போனால் தந்தி இரையும்.

பதினைந்தாம்மேளம்:
மலஹரியில் நிஷாதமே கிடையாது, அதனால் 1112-உம் 4442-உம் வேண்டாம். டி ஃபிளாட் 1114, எஃப் மைனர், சி போதும். ஆரோகணத்தில் காந்தாரமும் இல்லை, ஸ ரி ம ப த ஸ. ஏறும்போது சி-க்குப் பதில் 0033 பிடித்து, இறங்கும்போது க வருகிற இடத்தில் 0003-க்கு மாறுங்கள்.