ஒரே ஒரு முறை மட்டை பிடித்த ஆல்ஸ்டன்

நியூ ஜெர்சியிலிருந்து:
கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் பயிற்சியாளர் வால்டர் ஆல்ஸ்டனின் வெண்கலப் பட்டயத்தின் முன் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்த முதியவர், நான் கேட்காமலேயே, வெறுங்கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்திக் காற்றில் ஒரு முறை வீசிவிட்டு, "மேஜர் லீகில் இவர் ஆடியது இவ்வளவுதான்" என்றார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அது 1936 செப்டம்பர் 27, பருவத்தின் கடைசி நாள். சக வீரர் ஜானி மைஸை நடுவர் வெளியேற்றியதால் கார்டினல்ஸ் அணிக்காகக் களமிறங்கி, கிடைத்த ஒரே வாய்ப்பில் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்தவர்), பின்னாளில் டாட்ஜர்ஸ் அணியை ஆண்டுக்கொரு ஒப்பந்தமாக 23 ஆண்டுகள் பயிற்சியாளராக நடத்தி, மேஜர் லீகின் வாகைப் போட்டியான உலகத் தொடரை நான்கு முறை வென்று தந்தார். வீசிய கைகளை அந்த முதியவர் மெதுவாகச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டதுதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சிகாகோவிலிருந்து:
அந்த ஒரு வீச்சை வைத்து அவரை நினைவுகூர்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆல்ஸ்டனின் இடமான முதல் தளக் காவலில் (ஃபர்ஸ்ட் பேஸ்) மைஸ் போன்ற ஒருவர் நிற்கும்போது இன்னொருவருக்கு இடம் ஏது? நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில் உள்ள ஹோல்மன் அரங்கில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து நான் நினைத்துப் பார்த்தது 1946-ஐத்தான். கறுப்பின வீரர்களான கம்பனெல்லாவும் நியூகோமும் அங்கிருந்த கீழ்நிலை லீக் அணியில் ஆல்ஸ்டனின் கீழ் ஆடினார்கள். நடுவர் தம்மை வெளியேற்றிய ஓர் ஆட்டத்தில் ஆல்ஸ்டன் அணியைக் கம்பனெல்லாவின் பொறுப்பில் விட்டார். ஒருவர் வெளியேறியதால் கிடைத்த வாய்ப்பின் அருமையை அவரைவிட யார் அறிந்திருப்பார்கள்?

டல்லாஸிலிருந்து:
இருவரும் ஆல்ஸ்டன் குளிர்காலங்களில் பள்ளி ஆசிரியராக இருந்ததை விட்டுவிட்டீர்கள். என் மகனின் பயிற்சியாளரும் மேஜர் லீகில் ஒரு மாதம்கூட நிலைக்காதவர். மகன் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பியபோது, "கடைசிப் பந்து எந்தப் பக்கம் திரும்பியது?" என்று மட்டும் கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். ஆகவே பெற்றோர்களே, பயிற்சியாளர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று விசாரிக்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து, சோர்ந்து வரும் பிள்ளையிடம் அவர் முதலில் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். பந்து எறியும் பிள்ளையாக இருந்தால் எண்ணிக்கையை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் விதிப்படி 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது இறுதிப் போட்டியாகவே இருந்தாலும், அன்றே நிறுத்திவிடுங்கள்.